கொற்கை மண்ணும் காயற் காசும்: இராபர்ட் கால்டுவெல் வாழ்வில் தொல்லியல்

ஆய்வுச்சுருக்கம்

இராபர்ட் கால்டுவெல் (1814–1891) தமிழுலகில் ஒப்பிலக்கண அறிஞராகவும் திருநெல்வேலிச் சீமையின் சமயத் தொண்டராகவும் அறியப்பட்டவர். கொற்கையிலும் பழையகாயலிலும் அவர் மேற்கொண்ட அகழாய்வும், முத்துக்குளித்துறைக் கடற்கரையில் கிடைத்த காசுகளை வரலாற்றுச் சான்றாகக் கொண்ட முறையும் அவரது வாழ்க்கை வரலாறுகளில் சிற்றிடமே பெற்றுள்ளன. மொழியாய்வில் அவர் கைக்கொண்ட முறை தொல்லியலில் எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்பதை அவரது வாழ்வின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. அகழாய்வுக் காசுகளைப் பட்டியலிட்டு ஒளிப்படமெடுக்கும் இன்றைய முறையின் தேவை இதனால் தெளிவுறும்.

திறவுச்சொற்கள்: கால்டுவெல், கொற்கை, பழையகாயல், அக்கசாலை, காசியல், ஒளிப்படப் பதிவு.

முன்னுரை

தாமிரபரணி கடலொடு கலக்கும் பகுதி தமிழக வரலாற்றில் துறைமுகங்கள் இடம்மாறிய பகுதியாகும். சங்ககாலத்தில் கொற்கையும், இடைக்காலத்தில் காயலும், போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின்னர் தூத்துக்குடியும் முத்து வணிகத்தின் நடுவிடங்களாக விளங்கின. இம்மூன்றையும் ஒரே வரலாற்றின் மூன்று கட்டங்களாக இணைத்துக் காட்டியவர்களுள் கால்டுவெல் முதன்மையானவர். ஆற்று வண்டல் சேரச் சேரக் கடல் விலகியது. கடல் விலக விலகத் துறைமுகம் கிழக்கு நோக்கி நகர்ந்தது என்பது அவரது விளக்கம். இவ்விளக்கத்திற்கு ஊர்ப்பெயர், அயல்நாட்டார் குறிப்பு, மண்ணடுக்கு, பானையோடு, காசு ஆகிய ஐந்து வகைச் சான்றுகளை அவர் கையாண்டார். இவற்றுள் காசு குறித்த சான்று எவ்வாறு கிடைத்தது, எவ்வளவு எஞ்சியது என்னும் வினாக்கள் இக்கட்டுரையின் மையமாக அமைகின்றன.

இளமையும் தமிழக வருகையும்

கால்டுவெல் 1814 மே 7 அன்று அயர்லாந்தின் வடபகுதியில் அந்திரிம் பகுதியைச் சேர்ந்த கிளாடி என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டினர். இளமையில் டப்ளின் நகரில் ஓவியம் பயின்றார். பின்னர்ச் சமயப் பணியில் நாட்டங்கொண்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குக் கிரேக்கப் பேராசிரியராக விளங்கிய டேனியல் சாண்ட்போர்டின் வகுப்புகள் மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் ஆர்வத்தை அவருள் விதைத்தன.

1837இல் பட்டம் பெற்று, இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் கப்பலேறி, 1838 ஜனவரியில் சென்னையை அடைந்தார். அதே கப்பலில் பயணஞ்செய்த தெலுங்கு அறிஞர் சி. பி. பிரௌனின் நட்பு அவருக்குக் கிட்டியது. சென்னையில் தமிழ் கற்ற பின்னர், 1841இல் நற்செய்தி பரப்பும் சங்கத்தில் இணைந்து குருப்பட்டம் பெற்றார். சென்னையிலிருந்து காவிரிக்கரை ஊர்கள், நீலமலை, மதுரை ஆகியவற்றின் வழியாக நெடுந்தொலைவை நடந்தே கடந்து அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். தமிழ்நாட்டு மண்ணையும் மக்கள் பேச்சையும் நேரில் அறிய இந்நடைப்பயணம் அவருக்குத் துணைநின்றது.

இடையன்குடியும் சொல்லாய்வும்

செம்மண் தேரிகளும் பனைகளும் சூழ்ந்த இடையன்குடியை அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தம் வாழிடமாகக் கொண்டார். 1844இல் நாகர்கோவில் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மகள் எலைசாவை மணந்தார். எலைசா தமிழ்ச்சூழலிலேயே வளர்ந்தவர். பெண்கல்விப் பணியிலும் சரிகைப் பின்னல் பயிற்சியிலும் ஈடுபட்டவர்.

1849இல் கால்டுவெல் வெளியிட்ட, அக்காலத்தில் சாணார் என அழைக்கப்பட்ட நாடார் சமூகத்தைப் பற்றிய நூல், அவரது ஆய்வு வாழ்வின் முதற்கட்டத்தைக் காட்டுகிறது. செவிவழிச் செய்திகளையும் தம் மதிப்பீடுகளையும் கொண்டு ஒரு சமூகத்தின் தோற்றத்தையும் நிலையையும் அவர் அந்நூலில் எழுதினார். அச்சமூகத்தின் கல்வி பெற்ற தலைமுறை அதனைப் பின்னாளில் வன்மையாக மறுத்தது. சான்றின் உறுதியை மீறி முடிவு கூறினால் நேரும் தீங்கிற்கு அந்நூல் ஓர் எடுத்துக்காட்டாகும்.

1856இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் முறையியலால் வேறுபட்டது. சொற்களின் வேர், ஒலிமாற்றம், இலக்கணக்கூறு ஆகியவற்றை வரிசைப்படுத்தி ஒப்பிட்டு முடிவு காண்பது அதன் நெறி. ஓரிடத்துச் சொல்லை மட்டும் கொண்டு முடிவு கூறாது, பல மொழிகளில் கிடைக்கும் வடிவங்களைத் திரட்டிய பின்னரே முடிவுக்கு வருதல் அந்நெறியின் வலிமையாகும். அந்நூலின் விரிவுபடுத்திய இரண்டாம் பதிப்பு 1875இல் வெளிவந்தது. கிரேக்க நூல்கள் குறிக்கும் கொல்கை என்னும் துறைமுகம் கொற்கையே என அவர் கண்டமை இவ்வாய்வின் விளைவுகளுள் ஒன்றாகும். எரித்ரையக் கடற்பயண நூலும் தாலமியின் நிலநூலும் அத்துறையை முத்துக்குளிப்போடு தொடர்புபடுத்துகின்றன. நூலில் கண்ட பெயருக்கு நிலத்தில் ஓரிடம் குறித்த அவர், அடுத்து அந்நிலத்தைத் தோண்டிப் பார்க்கவும் முற்பட்டார்.

காயற் புதையல்

1870களின் தொடக்கத்தில் காயல் பகுதியில் அரபு எழுத்துப் பொறித்த பொற்காசுகள் அடங்கிய பெரும்புதையல் ஒன்று வெளிப்பட்டது. அதன் பெரும்பகுதி அறிஞர் கைக்கு வருமுன்னரே உருக்கப்பட்டது. கால்டுவெல் பார்த்தறிய முடிந்தவை எஞ்சிய சில காசுகளே. அவற்றுள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை இருந்தன. அந்நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வருணித்த காயல் துறைமுகத்தைப் பழையகாயலாக அடையாளங்காண முயன்ற கால்டுவெலுக்கு இக்காசுகள் பெருந்துணையாயின. அரபு நாடுகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கிய துறைமுகம் என அயல்நாட்டுக் குறிப்புகள் கூறியதற்கு மண்ணுக்குள்ளிருந்தே சான்று கிடைத்தது.

இப்புதையலின் இழப்பு எத்தகையது என்பதைக் காசியல் நோக்கில் விளக்குதல் வேண்டும். இசுலாமிய அரசுகளின் காசுகளில் அரசர் பெயரோடு அச்சடித்த நகரும் ஹிஜ்ரி ஆண்டும் பெரும்பாலும் பொறிக்கப்படும். ஆண்டு குறிக்கப்படாத பாண்டியர் செப்புக்காசுகளோடு ஒப்பிட, இவை காலத்தைத் தாமே கூறும் சான்றுகள். ஒரு புதையலில் உள்ள காசுகளுள் காலத்தால் பிந்தியது எதுவோ, அதற்குப் பின்னரே அப்புதையல் மண்ணில் மறைக்கப்பட்டிருத்தல் கூடும். ஆகவே புதையலின் காலவெல்லையை வரையறுக்க எல்லாக் காசுகளும் தேவை. உருக்கப்பட்டவற்றுள் இன்னும் பிந்திய காசு ஒன்று இருந்திருப்பின், எஞ்சியவற்றைக் கொண்டு வகுத்த எல்லை பிழையாகிவிடும். எந்த நாட்டுக் காசு எத்தனை விழுக்காடு இருந்தது என்பது வணிகத் தொடர்பின் அளவை உணர்த்தும் தரவு. அத்தரவும் உலையில் அழிந்தது. பொன் பொன்னாக எஞ்சியது, வரலாறு எஞ்சவில்லை.

இந்தியப் புதையற் சட்டம் 1878இல் இயற்றப்பட்டது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. காயற் புதையல் வெளிப்பட்டபோது இச்சட்டம் நடைமுறையில் இல்லை.

கொற்கை அகழாய்வு

கொற்கை, காயல் ஆகிய ஊர்களில் தாம் நிகழ்த்திய ஆய்வு குறித்துக் கால்டுவெல் எழுதிய கட்டுரை 1877இல் இந்தியன் ஆண்டிக்குவரி என்னும் ஆய்விதழில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் உதவி ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டிய ஆண்டும் அதுவே.

கொற்கையில் வண்டல் மண்ணுக்குக் கீழே கடற்சிப்பிகள் கலந்த மணல் தென்பட்டது. இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 6 கி.மீ. உள்ளடங்கி நிற்கும் அவ்வூர் ஒருகாலத்தில் கடற்கரையில் இருந்தமைக்கு இதனை அவர் சான்றாகக் கொண்டார். தாழிகளும் அங்குக் காணப்பட்டன. பழையகாயற் பகுதி மேடுகளில் சீனப் பானையோடுகளும் அரபு நாட்டுப் பானையோடுகளும் சிதறிக் கிடந்தமையை அவர் பதிவு செய்தார். மக்கள் நெடுங்காலமாகக் காலால் மிதித்துச் சென்ற ஓடுகளைத் துறைமுகத்தின் வணிகத்தொடர்பைக் காட்டும் சான்றாக அவர் கண்டமை குறிப்பிடத்தக்கது.

அவர் அகழாய்வுப் பயிற்சி பெற்றவரல்லர். மண்ணடுக்கு எண், குழி எண், பொருள் எண் என வகுத்தெழுதும் இன்றைய பதிவேட்டு முறை அக்காலத்தில் உருவாகியிருக்கவில்லை. இவ்வாற்றின் மேற்கே அமைந்த ஆதிச்சநல்லூரில் 1876இல் தோண்டிய செருமானியரான பெடோர் யாகோர் தாம் கண்டெடுத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். அவ்விடத்தில் 1899 முதல் 1905 வரை அகழாய்வு நடத்திய அலெக்சாண்டர் ரீயின் தொல்பொருட் பட்டியல் 1915இல் வெளியானது. கால்டுவெலின் கொற்கை ஆய்வு பட்டியல் நெறி வேரூன்றாத முதற்கட்டத்தைச் சேர்ந்தது என்பதை மனத்திற்கொண்டே அதனை மதிப்பிடுதல் தகும்.

அக்கசாலை: சொல்லும் சான்றும்

கொற்கையை அடுத்து அக்கசாலை என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள சிவன்கோயில் இறைவன் அக்கசாலை ஈசுவரமுடையார் என வழங்கப்பெறுகிறார். கால்டுவெல் இப்பெயருக்கு நாணயம் அச்சிடும் இடம் எனப் பொருள்கொண்டு, பாண்டியரின் நாணயச்சாலை அங்கிருந்தது என முடிவு செய்தார். பிற்கால எழுத்தாளர் பலரும் இம்முடிவை வழிமொழிந்தனர்.

இவ்விடத்தில் அவரது முறையின் ஆற்றலும் எல்லையும் ஒருங்கே புலப்படுகின்றன. ஊர்ப்பெயரில் உறைந்துள்ள தொழிற்பெயரைக் கண்டறிந்து, அதனைத் துறைமுகத்தின் பொருளியலோடு இணைத்தமை மொழியறிஞர் ஒருவருக்கே இயலும் செயல். ஆயினும் அக்கசாலை என்னும் சொல் பொன்வினை நிகழும் பட்டறையையும் குறிக்கும். அக்கசாலையர் என்பது பொற்கொல்லரைக் குறிக்கும் வழக்கும் உண்டு. முத்தும் பொன்னும் புழங்கிய துறைமுகத்தில் அணிகலன் செய்யும் பட்டறை இருந்திருத்தலும் இயல்பே. நாணயச்சாலையா, அணிகலப் பட்டறையா என்பதைச் சொல் மட்டும் தீர்மானிக்க இயலாது. காசு வார்க்கும் அச்சு, அடிக்கப்படாத வெற்றுத் தகடு, முத்திரைக் கருவி, உலோகக் கசடு ஆகியவை வரையறுத்த மண்ணடுக்கில் கிடைப்பின் முடிவு உறுதிப்படும். ஒரே அச்சினால் அடிக்கப்பட்ட காசுகள் ஓரிடத்தில் மிகுதியாகக் கிடைத்தலும் துணைச்சான்றாகும். ஆனால் இரு காசுகள் ஒரே அச்சினவா என்பதை உருவங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டே காண முடியும். சொல்லால் எழுதிய விவரிப்பு இப்பணிக்குப் போதாது. யானையும் மீனும் உள்ள காசு என்ற தொடர் நூற்றுக்கணக்கான காசுகளுக்குப் பொருந்தும். யானையின் துதிக்கை வளைவும் மீன்கோட்டின் அமைப்புமே அச்சை அடையாளங்காட்டும்.

கால்டுவெல் காலத்துக் காசுப் பதிவு

காசுகளை உருவத்தோடு பதிவுசெய்யும் முயற்சிகள் அவர் வாழ்நாளிலேயே தொடங்கின. வால்டர் எலியட் தம் நெடுங்காலத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு எழுதிய தென்னிந்தியக் காசுகள் பற்றிய நூல், அவர் பார்வை இழந்திருந்த முதுமையில் வெளிவந்தது. சமயத்தொண்டர் லோவென்தால் 1888இல் திருநெல்வேலிக் காசுகளுக்கெனத் தனிநூல் வெளியிட்டார். ஒளிப்படக் கலையும் இம்மாகாணத்திற்குப் புதியதன்று. லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை முதலிய ஊர்களின் கோயில்களையும், சென்னையிலிருந்த அமராவதிச் சிற்பங்களையும் ஒளிப்படங்களாக்கியிருந்தார். சிற்பத்திற்குக் கிடைத்த அக்கவனம் மண்ணில் கிடைத்த சிறு செப்புக்காசுக்குக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

கடற்கரை அகழாய்வில் ஒளிப்படத்தின் தேவை கூடுதலானது. உப்பேறிய மண்ணில் கிடக்கும் செப்புக்காசுகள் அரிக்கப்பட்டுப் பச்சைப் படிவால் மூடப்படுகின்றன. வேதிமுறையில் அப்படிவை நீக்கும்போது மங்கிய பொறிப்பு வெளிப்படுவதும் உண்டு. எஞ்சிய பொறிப்பு அப்படிவோடு அகன்றுவிடுவதும் உண்டு. ஆகவே தூய்மை செய்வதற்கு முன்னும் பின்னும் இருபுறத்தையும் அளவுகோலுடன் படமெடுத்தல் இன்றியமையாதது. பக்கவாட்டில் தாழ்வாகச் செலுத்திய ஒளியில் எடுத்த படம், நேரொளியில் தெரியாத எழுத்துகளையும் புலப்படுத்தும். குழி எண், மண்ணடுக்கு, ஆழம், உலோகம், எடை, விட்டம், இருபுற உருவங்களின் திசையமைப்பு ஆகியன படத்தோடு இணைத்து எழுதப்படும்போதே காசு முழுச்சான்றாகிறது.

இதன் பயனைச் சங்ககாலக் காசாய்வு மெய்ப்பித்துள்ளது. இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட பெருவழுதி காசு, தமிழி எழுத்தில் பாண்டியர் பெயரைத் தாங்கியது. அதன் உருவம் வெளியிடப்பட்டமையால் ஆய்வாளர் பலரும் எழுத்துகளைத் தாமே படித்து மதிப்பிட முடிந்தது. கொற்கையில் 1968–69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டுக்குக் கி.மு. 785 எனக் கரிமக் காலக்கணிப்பு பெறப்பட்டமையும், மண்ணடுக்கோடு பொருளை இணைத்தெழுதும் முறையின் பயனேயாகும்.

இறுதி ஆண்டுகள்

1881இல் சென்னை அரசு அச்சகத்தின் வழி வெளியான திருநெல்வேலி மாவட்ட வரலாறு கால்டுவெலின் முதுமைக்காலப் பெருநூல். 1849 நூலின் செவிவழி முறைக்கும் இந்நூலுக்குமுள்ள இடைவெளி பெரிது. அரசு ஆவணங்கள், அயல்நாட்டார் பயணக்குறிப்புகள், மிஷன் பதிவுகள், தம் அகழாய்வுப் பட்டறிவு ஆகியவற்றை ஒன்றுசேர்த்து அதனை எழுதினார். கொற்கை, காயல், தூத்துக்குடி என்னும் துறைமுகத் தொடர்ச்சியும், முத்துக்குளிப்பின் வரலாறும், பரதவர் போர்ச்சுகீசியரோடு கொண்ட தொடர்பும் அதில் இடம்பெற்றன.

இடையன்குடியில் பல்லாண்டுகளாக எழுப்பப்பட்டு வந்த தூய திரித்துவ ஆலயம் 1880இல் திருநிலைப்படுத்தப்பட்டது. 1883இல் அவர் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்தார். சாயர்புரத்தில் இயங்கிய கல்வி நிறுவனம் தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டு அவர் பெயரைப் பெற்றது. தாம் வரலாறு எழுதிய மூன்று துறைமுகங்களுள் இறுதியானதன் கரையில் அவரது முதுமை கழிந்தது. 1891 ஜனவரியில் பணி ஓய்வு பெற்ற அவர், அவ்வாண்டு ஆகஸ்டு 28 அன்று கொடைக்கானலில் மறைந்தார். அவரது உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு அங்குள்ள ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1968இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நிகழ்ந்தபோது மெரினாக் கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. ரா. பி. சேதுப்பிள்ளை எழுதிய கால்டுவெல் ஐயர் சரிதம் தமிழ்ப் படிப்பாளரிடையே அவரது வாழ்வைப் பரவலாக்கியது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. கால்டுவெலின் தொல்லியல் ஈடுபாடு அவரது மொழியாய்விலிருந்து கிளைத்தது. நூலில் கண்ட பெயரை நிலத்தில் தேடியதே அவரைக் கொற்கையில் தோண்டச் செய்தது.

2. துறைமுகங்கள் இடம்மாறிய வரலாற்றை மண்ணடுக்கு, பானையோடு, காசு ஆகிய பருப்பொருட் சான்றுகளோடு இணைத்தமை அவரது நிலைத்த பங்களிப்பாகும்.

3. அக்கசாலை குறித்த அவரது முடிவு சொற்பொருளை அடிப்படையாகக் கொண்ட கருதுகோளே. அதனை நிறுவப்பட்ட செய்தியாக வழிமொழிதல் ஆய்வறத்திற்குப் பொருந்தாது. அகழாய்வுச் சான்று கொண்டு மீளாய்வு செய்யத்தக்கது அது.

4. காயற் புதையலின் அழிவு தமிழகக் கடல்வணிக வரலாற்றுக்கு நேர்ந்த ஈடுசெய்ய இயலாத இழப்பு. உருக்கப்பட்ட காசுகளின் பட்டியலோ படமோ எஞ்சியிருப்பின் அவ்விழப்பு பாதியாகக் குறைந்திருக்கும்.

5. ஒப்பிலக்கணத்தில் பல மொழிகளின் சொல்வடிவங்களைத் திரட்டிய பின்னரே முடிவு கூறுதல் கால்டுவெல் வகுத்த நெறி. அந்நெறியைக் காசுகளுக்குப் பொருத்திப் பார்ப்பின், கொற்கை, அழகன்குளம், கரூர் முதலிய இடங்களில் கிடைத்த காசுகள் அனைத்தையும் இருபுற ஒளிப்படத்தோடும் மண்ணடுக்குக் குறிப்போடும் ஒரே பட்டியலில் திரட்டுதலே அடுத்த பணியாகும். தமிழ் ஆய்வாளர் அப்பணியில் பங்கேற்பது, தமிழி எழுத்துகளைப் படிப்பதற்கும் ஊர்ப்பெயர்ச் சான்றைச் சரிபார்ப்பதற்கும் தொல்லியலாளருக்கு உறுதுணையாக அமையும்.